சிலோன் மேடம்

12.6.2000, திங்கள்

காலையிலேயே அனல். கோர்ட்டில் ஒரு வாய்தா. முடித்துக்கொண்டு நேராகக் கல்லூரி. சட்ட விரிவுரையாளர் நேர்காணல். வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண்.

"சொந்த ஊரு?"

"ஒத்தக்கடை சார்."

"அதுக்கு முன்னாடி?"

"ஹட்டன். மூணு வயசுல வந்துட்டோம்."

"ஓ, சிலோனா." நேர்காணல் குழுவில் நடுவில் இருந்த பெரியவர் பேனாவை மூடினார். "இண்டியன் சிட்டிசன்தானேம்மா?"

"இல்லைன்னா வக்கீலாப் பதிவு பண்ணியிருக்க மாட்டாங்க சார்."

எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டீ, பன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

15.6, வியாழன்

காற்று. வீடெல்லாம் புழுதி.

வேலை கிடைத்துவிட்டது. கோர்ட் வராந்தாவில் சீனியர் சொன்னார். "அங்க சட்டம் நடத்தப்போற மொத பொம்பள நீதாம்மா. அம்புட்டுப் பேரையும் தாண்டிட்ட."

நன்றி சொன்னேன். செருப்பு வார் தைக்க வேண்டும். இரண்டு சேலை இஸ்திரிக்கு.

அம்மா அழுதாள். "அக்காவுக்கு எழுதிப் போடு."

எந்த முகவரிக்கு? தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் எங்களுக்கு இந்த நாடு, கல்யாணமான அக்காவுக்கு அந்த நாடு. எண்பத்து மூன்றில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் சரி என்றேன்.

19.6, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. முதல் வகுப்பு.

நுழையும்போதே பின்வரிசையில் ஒரு குரல். "மாப்ள, சிலோன் மேடம்டா." சிரிப்பு.

குடியுரிமைப் பகுதி எடுத்தேன். இலங்கை ஒப்பந்தம் பற்றிப் புத்தகத்தில் இரண்டே வரி. வாசித்தேன். முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

"ஒரே வீட்டுல ஒருத்தருக்கு அங்க, ஒருத்தருக்கு இங்கன்னு குடுத்தா என்ன மேடம் பண்ணுவாங்க?"

"பிரிஞ்சுருவாங்க."

சிரித்தவர்களும் அதை எழுதிக்கொண்டார்கள். அடுத்த தலைப்பைப் பலகையில் எழுதினேன். சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டேன்.

வீடு. அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன பாடம் எடுத்த?"

"குடியுரிமைப்பா."

"நம்மளப் பத்தி புஸ்தகத்துல இருக்கா?"

"இருக்கு. ரெண்டு வரி."

"பெரியவளப் பத்தி?"

"இல்லப்பா."

செருப்பைக் கழற்றினேன்.

"அப்ப நாளைக்குப் போயி நீ சொல்லு."

"நாளைக்கு எனக்குக் கிளாஸ் இல்லப்பா. புதன்தான்."

"புதன்கெழம சொல்லு."