சாம்பல் விரலோடு போட்ட கையெழுத்து

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
கார்த்திகை 12

அன்பு மகள் காயத்ரிக்கு அப்பா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, மனசைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அபிநயாவும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் மழையில் வழுக்கி விழுந்து இறந்துபோய்விட்டார்கள் என்று அம்மா சொல்லியிருப்பாள். வழுக்கவில்லை காயத்ரி. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், புதுக் கால்வாயில் மூடி போடாத இடம் கண்ணுக்குத் தெரியவில்லை, பால் வாங்க இறங்கியவர்கள் அதில் கால் வைத்துவிட்டார்கள். நானும் அவர்கள் மகன் தர்மனும்தான் தூக்கினோம். தூக்குச்சட்டி கையிலேயே இருந்தது. உன் அம்மா டைபாய்டில் படுத்தபோது பத்து நாள் உனக்குச் சோறு போட்ட கை அது. அந்தக் கால்வாய் உன் மாமா சிவபாலன் கவுன்சிலர் ஆனபின் எடுத்த வேலை. அவனைக் கேள்வி கேட்கத் தெரு சார்பில், வார்டு ஜனங்கள் கூடும் பகுதி சபையில் உட்காரவைத்தது என்னைத்தான். மச்சானாக இருந்தாலும் மயில்வாகனம் விடமாட்டார் என்று நம்பினார்கள். ஆவணியில் ஒருநாள் தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு பிணைத்துக்கொண்டிருந்தேன். விரலில் சாம்பலைத் தொட்டு ஒவ்வொரு இழையாக முறுக்கும் வேலை, நடுவில் எழுந்தால் இழை தப்பிவிடும் என்று உனக்குத் தெரியும். சிவபாலன் ஒரு தாளோடு வந்து, "நீங்க எழுந்துக்க வேணாம் மாமா, ஒரு கையெழுத்து போடுங்க, வேல முடிஞ்சிட்ச்சி, பில்லு போவணும்" என்றான். உட்கார்ந்த இடத்திலேயே போட்டேன். வாசலை எட்டிப் பார்க்கவில்லை. என் புடவையைக் கடைக்காரர் ஒரு முழம் விடாமல் விரித்துப் பார்த்துத்தான் வாங்குவார், நான் தெருக் கால்வாயைப் பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டேன்.

தர்மன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு அந்தத் தாளின் நகலை வாங்கிவிட்டான். முழு நீளத்துக்கும் மூடி போட்டாகிவிட்டது என்று அதில் இருக்கிறது, கீழே என் கையெழுத்து, பக்கத்தில் சாம்பல் கறை. "இது உங்க கையெழுத்துதானே பெரிப்பா" என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடுகிறது. "மூடி வந்துக்கினு இருக்குது மாமா, நீங்க வாயத் தொறந்தா ரெண்டு பேருமே மாட்டிக்குவோம்" என்று சிவபாலன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை குனிந்தால் தன் தலையும் குனியும் என்று அம்மா அழுகிறாள். தாய்மாமனாக உன்னை மடியில் வைத்துக் காது குத்தியவன் அவன், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் எழுந்து நின்று முதலில் என்னைக் கேளுங்கள், பிறகு அவனைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் போகிறேன். என்னைத் தடுக்காதே.

இன்னொன்று. மாமாவுக்கு ஓட்டுக் கேட்டு நீ அங்கிருந்து போன் செய்தாயே, "காயத்ரி கேட்டுச்சி, அதுக்கோசரமே போட்டேன்" என்று காமாட்சியம்மாள் மைவிரலைக் காட்டினார்கள். அதனால் தர்மனிடம் நீயும் ஒரு வார்த்தை பேசு. ஞாயிறு சாயங்காலம் அம்மாவுக்கு மறக்காமல் போன் செய், அன்றைக்கு அவள் என்னோடு பேசமாட்டாள்.

குழந்தைக்கு என் முத்தம். காமாட்சி அம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும். இதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அப்பா,
மயில்வாகனம்