நீளப் பன்னும் ஐந்து மா நிலமும்

செப். 12, வியாழன்

நாலு மணிக்கு இடி, மழை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மறுபடி ஈரம். எடுத்து வைக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தார். எடுக்கவில்லை. கேட்டால், "யோசனையில இருந்தேன் தமிழு."

யோசனை இதுதான்: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஹாட் டாக் செய்து கொடுக்கப் போகிறாராம்.

என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்து நாலு மாதம். ஒன்பது வருடம் அங்கே ஒரு மாலில் ஹாட் டாக் கடையில் வேலை. முதலாளி சிகாகோக்காரர். அதனால் இவர் செய்வது சிகாகோ ஹாட் டாக். சிகாகோவை இவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊர் முறையில் ஒன்று மாறினாலும் கோபம் வரும், ஏதோ அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி.

கூட்டம் எதற்கு என்றால் புறவழிச்சாலை. ஆடியில் அளக்க வந்தவர்கள் சிவப்புப் பெயின்ட் அடித்த கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஐந்து மா நிலத்தில் நடுவாக மூன்று கல். பெரிய தெருக்காரர்கள் நிலத்திலும் கல். ஆட்சேபனை மனு கொடுக்கப் பதினெட்டாம் தேதி கடைசி. மனு எழுதுவது நான். கணக்கு டீச்சர், சர்வே நம்பரில் தப்பு வராது என்று. பிரிண்டரும் எங்களிடம்தான். அதனால்தான் பெரிய தெரு எங்கள் தெருவுக்கு வருகிறது. இதுவரை மூன்று கூட்டம். நாற்காலியில் உட்காருகிறார்கள். மின்விசிறியைக் கூட்டச் சொல்கிறார்கள். டீ கொடுத்தால், "இப்பதான் குடிச்சுட்டு வந்தோம்." மூன்று தடவையும் இதே. மூன்று தடவையும் டீயை வாய்க்காலில் கொட்டினேன்.

இவர் சொல்லும் நியாயம்: "டீன்னா பழகின சாமான். பழகாத சாமானக் குடுத்தா என்னன்னு தின்னு பாப்பாங்க."

மனுஷருக்கு நாற்பத்தாறு வயது.

செப். 13, வெள்ளி

இவர் கொடுத்த சீட்டு, அப்படியே:

பன் – நீளம், மேலே கசகசா (துபாயில் தடை, இங்கே போடலாம்)
சாசேஜ் – சிக்கன் (மாடு வேண்டாம், சாக்குச் சொல்வார்கள்)
மஞ்சள் கடுகு விழுது
வெள்ளரி இனிப்பு ஊறுகாய், பொடியாக
வெள்ளரி நீளத் துண்டு, வினிகரில்
வெங்காயம், தக்காளி
ஊசி மிளகாய், வினிகரில்
செலரி உப்பு

கடைசியில் இருப்பது ஒரத்தநாட்டில் எந்தக் கடையிலும் இல்லை. ஓமத்தை வறுத்துப் பொடித்து உப்பில் கலந்தால் என்ன என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போலப் பார்த்தார். பிறகு கலந்தார்.

பள்ளி விட்டு வரும் வழியில் பேக்கரி. நீள பன் இல்லை. "பர்த்டே பார்ட்டியா டீச்சர்?" இல்லை, நிலமெடுப்பு என்றேன். விழித்தான். முப்பது பன், ஞாயிறு காலை, மேலே கசகசா. நாலு தடவை சொன்னேன், எள் இல்லை, கசகசா.

சாசேஜுக்கு இவரே தஞ்சாவூர் போனார். ஐஸோடு இருக்கும் கடையில் வாங்கிப் பஸ்ஸில் மடியில் வைத்து வந்து, வேட்டி முழுக்க ஈரம். பக்கத்து சீட் அம்மா தள்ளி உட்கார்ந்ததாம்.

கடுகை மிக்ஸியில் அடித்தார். மிக்ஸி சூடேறி விழுது ஒரே கசப்பு. கண், மூக்கு எல்லாம் எரிச்சல். நான் முன்கட்டுக்கு ஓடினேன். மறுபடி கடுகை வினிகரில் ஊறப் போட்டிருக்கிறார். என் நல்ல எவர்சில்வர் டப்பாவில்.

அஞ்சலை அண்ணி (இவருடைய அக்கா, அடுத்த வீடு) எட்டிப் பார்த்து, "இது பேரு என்னடா?" என்றார். இவர் சொன்னார். "நாய்னா சொல்ற?" அரை மணி நேரம் விளக்கம். அண்ணி கடைசியில், "பேர மாத்திக் குடு. ஏற்கனவே அவுக சாப்பிடறதில்ல" என்றுவிட்டுப் போனார்.

இன்னும் மனுவில் மேற்கே புறம்போக்குக் கருவைத் தோப்பு வழியாகச் சாலையைத் திருப்பலாம் என்ற பாரா எழுதவில்லை. வரைபடம் ஒட்டவில்லை.

செப். 14, சனி

வெயில். ஈரத்துணி காய்ந்தது, இந்த வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம்.

ஒத்திகை. கடையில் கிடைத்த வேறு பன்னில். பன்னை ஆவியில் வைக்க வேண்டுமாம். இட்லிப் பானையில் வைத்தார், தண்ணீர் சொட்டி ஊறிப் பிய்ந்துபோயிற்று. இரண்டாவது தடவை துணி போட்டு வைத்தார், பரவாயில்லை. சாசேஜ் வெந்நீரில் கொதிக்கக் கூடாதாம், சூடேறினால் போதுமாம். தக்காளி ஒரு பக்கம், வெள்ளரி ஒரு பக்கம், மிளகாய் மேலே இரண்டு. ஒன்று செய்ய இருபது நிமிடம். அண்ணி தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்தார், இவர் பிடுங்கிக்கொண்டார். "சிகாகோல யாரும் போட மாட்டாங்க." "நான் எங்கடா சிகாகோல இருக்கேன்?" அண்ணி சாஸ் இல்லாமலே இரண்டு சாப்பிட்டார்.

நான் ஒன்று. நன்றாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. நான், "அவங்க திங்க மாட்டாங்க. ஏங்க உங்களுக்கு இது புரியமாட்டேங்குது?" என்றேன். இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "புரியும்" என்றார். பிறகு: "நாகராஜன் மகன் அங்கதான் இருக்கான். வெள்ளிக்கிழமையானா வருவான். என் கையாலதான் வாங்கித் திம்பான். ரெண்டு. மிளகாய் கூட வைங்கண்ணேம்பான்."

நாகராஜன் பெரிய தெருவின் முக்கியப் புள்ளி. சாலை ஆட்சேபனைக் கமிட்டிக்கும் தலைவர். என் மாமனார் அவர் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். ஐந்து மாவும் இவர் துபாய்ச் சம்பளத்தில் அந்தக் குடும்பத்திடமே வாங்கியது.

ஒன்பது வருடத்தில் எனக்கு இதை ஒரு போனில்கூட இவர் சொன்னதில்லை. "ஏன் சொல்லல?" "சொல்றதுக்கு என்ன இருக்கு. அங்க அது சாதாரணம்."

அதற்குமேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. வரைபடம் ஒட்டினேன்.

செப். 15, ஞாயிறு

வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நான் பேசியது மாறிவிடும்.

பன் வந்தது. மேலே எள். இவர் துணியோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு பன்னையும் துணியால் துடைத்து எள்ளை உதிர்த்து, பால் தடவிக் கசகசா ஒட்டினார். முப்பது பன். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபம். பிறகு நானும் உட்கார்ந்து துடைத்தேன்.

பதினோரு மணி. பெரிய தெருவிலிருந்து ஒன்பது பேர், எங்கள் தெரு எட்டு. ஒரே பெண், பெரிய தெரு ராஜாமணி அக்கா. கணவர் இல்லை, தானே நின்று சாகுபடி பார்க்கிறவர். அவருடைய நிலத்தில் ஒரு குழிகூட மிஞ்சாது.

இவர் தட்டோடு வந்தார். சைவத்துக்கு உருளைக்கிழங்கு வைத்துத் தனியே எட்டு. இதை நானே எதிர்பார்க்கவில்லை.

நாகராஜன், "என்ன மதி, புதுசா இருக்கு?"

"அங்க கடையில செஞ்சதுங்கய்யா. ஒண்ணு எடுத்துக்குங்க."

"புரட்டாசிப்பா. அசைவம் தொடுறதில்ல."

"புரட்டாசி நாளன்னிக்குத்தான் பொறக்குதுங்கய்யா," என்றேன் நான். "அதோட, இந்தத் தட்டு உருளைக்கிழங்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வச்சிருங்க. மொதல்ல மனுவ முடிப்போம்." பெரிய தெருவின் மற்ற எட்டுப் பேரும் தலையை ஆட்டினார்கள். இவர் தட்டைப் பிடித்தபடியே நிற்கிறார். கடுகு விழுது மஞ்சளாக ஓரத்தில் வழிகிறது. முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. கடை கவுண்டரில் ஒன்பது வருடம் அப்படித்தான் சிரித்திருப்பார்.

பேனாவை மூடினேன்.

"ஐயா, எங்க வீட்டு நாற்காலி வேணும். ஃபேன் வேணும். பிரிண்டர் வேணும். என் எழுத்து வேணும். வாயில வைக்கிறது மட்டும் வேணாமா? நாலு கூட்டமாப் பாக்குறேன். சாப்பிட்டு முடிங்க, எழுதறேன்."

இவர், "தமிழு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. மகன் விஷயம் என் வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அது இவருடையது, நான் எடுத்துச் செலவழிக்கக் கூடாது.

நாகராஜன் எழுந்தார். "பேச்சு மரியாதையா இருக்கணும் டீச்சர்."

"மரியாதையாத்தாங்க கேட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஐந்து பேர். பெரிய தெருவில் மீதி மூன்று பேர் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல். அப்போது ராஜாமணி அக்கா இவர் கையிலிருந்து தட்டை வாங்கினார். "காலைலேர்ந்து வயல்ல நின்னுட்டு வரேன், பசிக்குது. இத எப்புடிக் கடிக்கிறது?" இவர் காட்டிக்கொடுத்தார். அக்கா கடித்தார், தக்காளி சேலையில் விழுந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஒறைப்பு பத்தல." மீதி இரண்டு ஆண்களும் ஆளுக்கொன்று. எங்கும் பார்க்காமல், வேகமாக.

மனு பாதியில். நாகராஜனின் பட்டா நகல் அவர் பையோடு போய்விட்டது. மிச்சம் பதினான்கு. ஊறிப்போயிற்று.

இவர் என்னோடு பேசவில்லை. பாத்திரம் அனைத்தையும் அவரே கழுவினார், தேவையில்லாத சத்தத்தோடு.

செப். 16, திங்கள்

மேகமூட்டம். பஸ் லேட்.

பிரேயரில் சமூக நீதி உறுதிமொழி, நாளை விடுமுறை என்பதால் இன்றே. வாசிக்கும் முறை என்னுடையது. சத்தமாக வாசித்தேன். பிள்ளைகள் அதைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள். எச்.எம். "இன்னிக்கு என்ன டீச்சர், ஒரே வேகம்?" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி வாசலில். "நாளைக்குக் கூட்டம் கோயில் மண்டபத்துலயாம். நம்மளையும் வரச் சொல்லிருக்காக."

"நாம உள்ள போயி உக்காரலாமா?"

"உக்காரலாமாம். ஓரமா."

நான் போகவில்லை என்றேன். ஃபைல் என்னிடம் இருக்கிறது. வரைபடம், மாற்றுப் பாதைப் பாரா, எல்லாம். வேறு யார் எழுதுவார்கள்? எழுதட்டும்.

இவர் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பேசிய முதல் வாக்கியம்: "ரெண்டு தெரு நெலத்துலயும்தான் கல்லு நட்டிருக்கு."

தெரியும். தெரிவதுதான் எரிச்சல். மனு போகாவிட்டால் நாகராஜனுக்கு இருபது மாவில் நாலு போகும், எங்களுக்கு ஐந்தில் மூன்று. ரோஷப்படக்கூட நிலம் வேண்டியிருக்கிறது.

உட்கார்ந்து மிச்சத்தை எழுதினேன். நாகராஜன் பெயருக்கு எதிரே சர்வே நம்பர் இடம் மட்டும் காலி.

செப். 17, செவ்வாய்

விடுமுறை. காலையிலேயே புழுக்கம்.

ஒன்பதரை மணிக்கு வாசலில் பைக் சத்தம். நாகராஜன். தனியாக. கையில் பட்டா, சிட்டா, அடங்கல். இவர் வயலுக்குப் போயிருந்தார்.

"மண்டபத்துல பிளக் பாயின்ட் ஒண்ணும் வேலை செய்யல டீச்சர். இங்கயே அடிச்சிரலாம்."

பிளக் பாயின்ட். சரி. "உக்காருங்கய்யா."

நான் டீ போடவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. தட்டச்சு செய்தேன். அவர் நம்பர் வாசித்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை, மூன்றை எட்டு என்று வாசித்தார், நான் வாங்கிச் சரிபார்த்தேன். இருபத்தாறு குடும்பம், ஒவ்வொன்றாக. நடுவில் கரண்ட் போயிற்று. விசிறி நின்றது. அவருக்குச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. எனக்கும். பதினொன்றரை வரை அப்படியே இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர்."

கொண்டுவந்தேன். அண்ணாந்து குடித்தார். எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறோம், நானும்தான். அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. முழு டம்ளரும் குடித்தார். "இன்னொரு டம்ளர்" என்றார். அதையும் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் என் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழம" என்று ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். "ராஜாமணி நம்பர்ல ஒரு பை, உட்பிரிவு, விட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன், பாருங்க" என்று முடித்தார். பார்த்தேன். விட்டுப்போகவில்லை.

இருபத்தாறு கையெழுத்தும் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டன. எங்கள் வீட்டில் வந்து போட்டார்கள், எல்லோரும். ராஜாமணி அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மறுபடி எப்ப போடுவீங்க அந்த ரொட்டி?" என்றார். இவருக்குக் காது வரை சிரிப்பு. நான் முறைத்தேன்.

செப். 18, புதன்

அரை நாள் லீவு. நிலமெடுப்பு ஆபீஸ். மூன்று மேஜை மாற்றி அனுப்பினார்கள். கடைசி மேஜைக்காரர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "யார் டைப் பண்ணது? சுத்தமா இருக்கு" என்றார். நாகராஜன், "எங்க டீச்சர்" என்றார். எங்க. கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் விசாரணை, அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம், கருவைத் தோப்பையும் சேர்த்து. அதுவரை சாலைக்காரர்கள் யாரும் எங்கள் வயலில் இறங்க மாட்டார்கள் என்று மேஜைக்காரர் வாயால் சொன்னார். எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். எழுதித் தந்தார். நாற்று நடலாம்.

திரும்பும்போது இவரும் நானும் மட்டும் பஸ்ஸில். கூட்டம் இல்லை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் நிறைய. இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்" என்றார்.

நான் முத்திரை போட்ட நகலை மடித்துப் பையில் வைத்தேன்.

"சொன்ன எடந்தான் சரியில்ல. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட."

"சரி, வேற எடம் சொல்லுங்க. அடுத்த தடவ அங்க போயி சொல்றேன்."

யோசித்தார். மூன்று ஸ்டாப் வரைக்கும் யோசித்தார்.

"வேற எடம் இல்ல," என்றார்.