படகில் காய்ந்த லுங்கி

மாமா,

இன்று காலை உங்கள் மகள் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட விரித்தவள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இடது பாக்கெட்டுக்கு மேலே ஊசி குத்திய ஓட்டைகள். "அப்பாவோட மெடல நீங்க குத்தினது. துவைச்சும் மூடல பாருங்க. வேற சட்டை போட்டுக்கங்க" என்றாள். வேறு சட்டைதான் போட்டுக்கொண்டேன். ஆனால் ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. நேரில் சொல்லி உங்களிடம் இரண்டு திட்டு வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். நீங்கள்தான் போன ஐப்பசி மழையோடு போய்விட்டீர்களே.

காலனியில் உங்களுக்கு ஏர்ஃபோர்ஸ் மாமா என்றே பெயர். ஏர்ஃபோர்ஸ் தளம் இருக்கிற தாம்பரம் பக்கத்தில் விமானம் ஓட்டியவர் என்றால் ஏர்ஃபோர்ஸ்தான், வேறு பேச்சே கிடையாது. கப்பலில் இருந்தும் சண்டை விமானம் கிளம்பும் என்று சேலையூர்க்காரர்களுக்கு யார் புரியவைப்பது? "நேவிங்க, நேவி" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தீர்கள். அப்புறம் அலுத்துப்போய், "எதுல பறந்தா என்ன மாப்பிள்ளை, விழுந்தா எல்லாம் ஒண்ணுதான்" என்று விட்டுவிட்டீர்கள்.

நான் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறினாலே வாந்தி எடுக்கிறவன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாற்காலி தேய்க்கிறவன். எனக்கு வாய்த்த மாமனார் வங்கதேசப் போரில் பறந்தவர், வீர சக்ரா வாங்கியவர் என்றால் சும்மா இருப்பேனா? கல்யாணமான புதிதில் அந்த மெடலைப் பார்க்க வேண்டும் என்று உங்களை நச்சரித்தேன். ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பீர்கள் என்று நினைத்தால், அது பீரோவில் அத்தையின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு நாடா. பக்கத்தில் போரில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த வேறு இரண்டு. நான் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நீங்கள் எழுந்து செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டீர்கள். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கப்பலில் இறங்குகிற கதையை மட்டும் கேட்டால் சொல்வீர்கள். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி தொங்கும், கப்பல் தளத்தின் குறுக்கே கம்பிகள் கட்டியிருக்கும், கொக்கி கம்பியில் மாட்டினால் விமானம் நிற்கும், மாட்டாவிட்டால் அப்படியே மறுபடியும் மேலே தூக்க வேண்டும். "கப்பலும் ஆடும், நாமளும் ஆடுவோம். நம்ம கேட்டுக்குள்ள காரை ஏத்தற மாதிரிதான், என்ன, கேட்டு ஓடிக்கிட்டே இருக்கும்" என்று சிரிப்பீர்கள். சிறகில் குண்டு துளைத்த விமானத்தை அப்படிக் கொண்டுவந்து இறக்கியதைக் கேட்டால், "பெட்ரோல் தீர்ந்தா வேற எங்க போறது?" என்பதோடு சரி. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. எனக்கு இறங்குகிற கதையே போதுமானதாக இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் இருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று மேடவாக்கம் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். முன்னால் தண்ணி லாரி ஒழுகிக்கொண்டு நின்றது. அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், நான் எதுவும் கேட்காமலே ஆரம்பித்தீர்கள்.

"ஆத்து முகத்துவாரத்துல ஒரு படகு, மாப்பிள்ளை. பட்டாளத்த ஏத்திக்கிட்டுப் போகுதுன்னு சொல்லித்தான் எங்கள அனுப்பினாங்க. நான் தாழ வந்தேன். ஒரு கயித்துல லுங்கி காயுது. கட்டம் போட்ட லுங்கி, ரெண்டு."

"பட்டாளத்துக்காரனும் லுங்கி கட்டுவான் இல்ல மாமா?"

"கட்டுவான். நிச்சயமா கட்டுவான். ஆனா எனக்குத் தெரியாது. பார்த்த பிறகுதான் பட்டன அழுத்தினேன், மாப்பிள்ளை. பார்க்காம இல்ல. படகு போச்சு. யாரு இருந்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. டில்லிக்குக் கூப்பிட்டு, சட்டையில மெடலக் குத்தினாங்க. அப்பவும் எனக்குத் தெரியாது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் கியரைப் போட்டேன். வண்டி நகர்ந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: "நான் போன பிறகு எவனாவது மைக்கப் பிடிச்சு என்னைப் பத்தி அளப்பான். அப்ப நீங்க அங்க இருந்தீங்கன்னா, லுங்கியச் சொல்லிடுங்க. அத்தைக்குத் தெரியும். பொண்ணுகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

"சரி மாமா" என்றேன். பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னதைப் போல அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

அந்த மைக்கைப் பிடித்தவன் நானேதான். நம் காலனிச் சங்கத்துச் செயலாளரை உங்களுக்குத் தெரியும். காலனி வருவதற்கு முன் இங்கே நெல் விதைத்த குடும்பம், இப்போது வாடகைக்கு விடுகிறவர். ஜனவரியில் வீடு தேடி வந்தார். "சார், இந்த வாட்டி மாமா இல்ல. நீங்கதான் கொடி ஏத்தணும். மெடல குத்திக்கினு வாங்க சார், கெத்தா இர்க்கும்." நான் ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அத்தையிடம் பீரோ சாவியைக் கேட்டேன். தந்துவிட்டார்கள்.

கண்ணாடி முன் நின்று இடது பக்கம் குத்திக்கொண்டேன். நீங்கள் அங்கேதானே குத்துவீர்கள்? பூங்காவில் காலனிப் பிள்ளைகள் வரிசையாக வந்து சல்யூட் அடித்தார்கள். நானும் திருப்பி அடித்தேன். ஆமாம் மாமா, அடித்தேன், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. புதுக் குடித்தனக்காரர் ஒருவர் கையைக் குலுக்கி, "சார் எந்தக் கப்பல்ல இருந்தீங்க?" என்றார். "இது என் மாமனாரோடது" என்றேன். ஒலிபெருக்கி அலறியதில் அவர் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.

மைக்கில் என்னென்ன பேசினேன் தெரியுமா? எதிரியின் படகை நீங்கள் மூழ்கடித்தது, சிறகில் குண்டு, கொக்கி, கம்பி, ஆடும் கப்பல், எல்லாம். லுங்கி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. அதற்குள் கைதட்டிவிட்டார்கள். விழுங்கிவிட்டேன். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், உங்கள் மகள் சமையலறைக்குள் போகும் வரை காத்திருந்துவிட்டு, அத்தை என் எதிரே வந்து நின்றார்கள்.

"மாப்பிள்ளை, இடது பக்கம் வாங்கினவங்க குத்திக்கிறது. அவங்க போன பிறகு வீட்டு மனுஷங்க குத்திக்கிட்டா வலது பக்கம். நேவில அதுதான் வழக்கம்."

"தெரியாம பண்ணிட்டேன் அத்தை. நீங்க காலைலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேச்சுல அவர் கேட்டதச் சொல்லிட்டீங்கன்னா, இதெல்லாம் பெரிசில்லன்னு விட்டுட்டேன்." மெடலை அவர்களே கழற்றி, புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த பீரோவை நீங்கள் ஏன் அப்படிப் பூட்டியே வைத்திருந்தீர்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் அடக்கம் என்று ஊரெல்லாம் சொன்னது வெட்கம், மாமா. அந்த வெட்கத்தை எடுத்து மாட்டிக்கொண்டு நான் சல்யூட் வாங்கியிருக்கிறேன். தூ என்று இருக்கிறது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. போன வாரம் செயலாளர் மறுபடியும் வந்தார். பூங்காவுக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறார்களாம். பலகையில் எழுத நாலு வரி வேண்டுமாம். இந்தத் தடவை விடக் கூடாது என்று அவரை உட்காரவைத்து, லுங்கியைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், நீங்கள் பார்த்த பிறகுதான் அழுத்தினீர்கள் என்பது வரை. மனிதர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னா சார் நீங்க. பெரிய மனுசன் வயசான காலத்துல மனசு கஷ்டத்துல ஏதோ சொல்லிட்டாரு. அதப் போயி பலகைல போடுவாங்களா? பேஜாராப் பூடும் சார். வுடுங்க. வீரர்னு போட்டுக்கலாம்."

"அவரே சொல்லச் சொன்னதுங்க" என்றேன்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல? போதும் சார்" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் போனதும் அத்தை உள்ளே இருந்து கேட்டார்கள்: "சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன் அத்தை. அவர்தான் வேண்டாம்னுட்டார்."

"சொன்னீங்களே, அதுவே போதும்" என்றார்கள். அவர்கள் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த நாள் எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தார்கள். நான் இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

நான் அத்தையிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மனிதர் வேண்டாம் என்று சொன்ன நிமிஷத்தில், அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதை அத்தையிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், மாமா.