யார் போட்ட டிக்?

மந்தைவெளி
12.6.2025

அன்புள்ள சுப்பு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வெள்ளிக்கிழமை புதுக் கார் வந்துவிட்டது. ஸ்ரீலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏன்னா, நம்மாத்து வாசல்ல கார் நிக்கறது பாருங்கோ!" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசினால் குரல் ஏறிவிடும், அதனால் எழுதுகிறேன். இன்சூரன்ஸ் தாளை நேற்றுதான் பிரித்தேன். சாவி தொலைந்தால் ஒன்று, டயர் கிழிந்தால் ஒன்று, இன்ஜினில் தண்ணீர் புகுந்தால் ஒன்று என்று நான் கேட்காத ஐந்து காப்புகளுக்கு டிக் போட்டு, பதினெட்டாயிரம் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள். கீழே என் கையெழுத்து. ஷோரூமில் அந்த ஃபாரத்தை நீட்டிய மேசையில் உட்கார்ந்திருந்தவள் உன் மகள் ஜான்சி. டிக்குக்கு இத்தனை கமிஷன் என்று மாடிவீட்டு சாய்நாத் சொல்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லையப்பா, கேட்கிறேன்.

உன்
சுந்தரராமன்

கொட்டிவாக்கம்
17.6.2025

அன்புள்ள சுந்தரம்,

காருக்கு வாழ்த்து. சாந்தோம் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. நீ சுற்றி வளைத்தால் எனக்குப் புரியாதா?

ஜான்சியைக் கேட்டேன். "அது நான் போட்ட டிக்கே இல்ல நைனா. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்னு மாமா வெறும் ஃபாரத்துல கையெழுத்து போட்டுட்டு, சாவிய வாங்கிக்கினு ஓடுனாரு. அப்பால ஃபாரத்த மேனேஜர் எடுத்துக்கினு போனாரு" என்கிறாள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் நீ!

ரத்து செய்யச் சொல்லி அவளே எழுதிக் கொடுக்கிறாளாம். பத்து நாள் பொறு. புகார் மட்டும் வேண்டாம். மூன்று வருஷம் காத்திருந்து, வருகிற ஒன்றாம் தேதிதான் அவளுக்கு வேலை நிரந்தரமாகப்போகிறது.

அன்புடன்
சுப்பராயன்

மந்தைவெளி
23.6.2025

அன்புள்ள சுப்பு,

"பொறு, புகார் வேண்டாம்" என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் உறுத்தல் அதிகமாகிவிட்டது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? பழியை மேனேஜர் தலையில் தள்ளுவது சுலபம். பெற்ற பாசம் உன் கண்ணை மறைக்கிறது.

இன்று காலை ஜான்சி பெயரைப் போட்டே மேனேஜருக்குப் புகார் அனுப்பிவிட்டேன். தப்பு செய்யவில்லை என்றால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. கோபித்துக்கொள்ளாதே.

சுந்தரராமன்

மந்தைவெளி
4.7.2025

சுப்பு,

பணம் திரும்பி வந்துவிட்டது. கூடவே ரத்துக் கடிதத்தின் நகலும் வந்தது. ஜான்சி எழுதியது, தேதி ஜூன் 18. என் புகாருக்கு ஐந்து நாள் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஷோரூமுக்கு ஓடினேன். அவள் நாற்காலியில் வேறு பெண். "புகார்ல பேரு இருந்துச்சே சார், எப்படி வச்சுக்க முடியும்?" என்று மேனேஜர் சிரிக்கிறான். அவன் மேசைமேல் கிடந்த, ஜான்சி போன பிறகு வந்த ஃபாரங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே ஐந்து டிக். ஐயோ, நான் பாவி. எத்தனை தடவை கூப்பிடுவது, போனை எடு சுப்பு.

சுந்தரம்

கொட்டிவாக்கம்
9.7.2025

சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. வேலை போனதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் வேலை வேறு கிடைக்கும். அடையாறில் ஓரிடத்தில் கேட்டிருக்கிறாள்.

உன் இரண்டாவது கடிதம் வந்த அன்று ஜான்சி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நானும் கேட்டுவிட்டேன், "நெஜமா சொல்லும்மா, அத நீ போடலியே?" என்று. கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீயும் கேக்குறியா நைனா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை.

நீ வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

சுப்பராயன்