தகவலாளி 7

ஜூலை 12, சனி

நாளை ஆராதனை முடிந்ததும் நான் பேச வேண்டும். கல்லூரிகளில் கிறிஸ்தவ ஆசிரியர்கள் எப்படிச் சாட்சியாக இருப்பது என்பது தலைப்பு. நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் சடையன் கல்லூரியில் எங்கள் தாவரவியல் துறைக்கு வந்தார். கல்வராயன் மலையில் இரண்டு வருடம் என்னை அழைத்துப்போய் மூலிகைகளைக் காட்டியவர். கடுக்காய் மூட்டையைக் கள்ளக்குறிச்சியில் போட்டுவிட்டு, என் ஆய்வேட்டைப் பார்க்க வந்திருந்தார். நன்றியுரையை எழுத்துக்கூட்டிப் படித்தார். முதலில் கர்த்தருக்கு, பிறகு நெறியாளருக்கு, தட்டச்சு செய்தவருக்குக்கூட நன்றி சொல்லியிருந்தேன்.

"எம்பேரு எந்தப் பக்கத்துலங்க சார்?"

பின்னால் இருந்த அட்டவணையைக் காட்டினேன். தகவலாளி 7. ஆய்வில் தகவல் சொன்னவர்களுக்கு இப்படி எண் போடுவதுதான் வழக்கம் என்றேன். பெயர் போடலாமா என்று அவரை நான் கேட்டதே இல்லை.

"இன்னா சார், செடிக்கெல்லாம் ரெண்டு ரெண்டு பேரு போட்டுக்கினு, எனக்கு நம்பரா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். டீ குடித்துவிட்டு மலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பக்கத்து மேசையில் பஷீர் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இதழுக்கு அனுப்பும் கட்டுரையில் என் பெயரோடு சடையன் பெயரையும் போடப்போகிறேன் என்றேன்.

"திருப்பி அனுப்பிடுவாங்க சார்."

"அனுப்பட்டும்."

அவர் தன் கட்டுரையை எடுத்து வெகுநேரம் புரட்டினார். "என்னோடதுல பதினோரு நம்பர் இருக்குது சார்" என்றார்.

இப்போது கட்டுரையைத் திறந்து சடையன் என்று அடித்தேன். அவருடைய இனிஷியல் எனக்குத் தெரியாது.