மரகதம் மிதித்த எண்ணெய்

ஐப்பசி 9, இரவு. வில்லியனூர்.

மிராசுதாரின் கார் இன்று காலை எல்லைச் சுங்கச்சாவடிக் கட்டைக்கு ஒரு சாண் முன்னால்தான் நின்றிருக்கிறது. வழியெல்லாம் மாடுகளுக்காக மிதித்து மிதித்துச் சூடேறி, பிரேக் மிதி தரைவரை இறங்கிவிட்டதாம். கைப்பிரேக்தான் காப்பாற்றியது. உள்ளே அவருடைய நிறைமாதக் கர்ப்பிணி மகள் இருந்தாள்.

மத்தியானம் பட்டறையில் பழைய பிரேக் எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்தேன். கலங்கியிருந்தது.

"இன்னாபா, தண்ணியா ஊத்திவெச்ச?" என்றார் டிரைவர் கோவிந்தன்.

"யாரும் ஊத்தலண்ணே. ரெண்டு மழக்காலத்து ஈரத்த காத்துலேருந்து தானே குடிச்சிருக்கு. சூடானா அந்தத் தண்ணி ஆவியாவுது, ஆவி அமுங்கிடும், மிதி வெத்தா எறங்குது."

"வண்டில மூடி இறுக்கமாத்தான கீது!"

எனக்கும் அதுதான் வியப்பு.

எண்ணெய் மாற்றும்போது ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் திருகாணியைத் திறந்து காற்றை விடவேண்டும். போன தைக்கு முந்தின தையில் மிதித்தவள் என் மனைவி மரகதம். "என் ஒரு காலு நாலு சக்கரத்தையும் புடிச்சி நிறுத்துதா?" என்று மறுபடி மறுபடி மிதித்துப் பார்த்தாள். அடுத்து வந்த கார்த்திகையில் காய்ச்சலில் போய்விட்டாள். போன தையிலேயே எண்ணெயை மாற்றியிருக்க வேண்டும். வேலை அதிகம் என்று தள்ளினேன். அது பொய். அவள் மிதித்த எண்ணெயை வடிக்க மனம் வரவில்லை.

இன்று கோவிந்தன் அண்ணன் மிதித்தார். மிதி கல்லாக நின்றது. வருஷா வருஷம் தையில் மாற்று என்று பட்டறைச் சுவரில் எழுதிவிட்டேன்.

பழைய எண்ணெய் இந்த மேசைமேல் இருக்கிறது. எதற்கும் ஆகாது. மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். வெளியே மழை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஈரம் எந்த வழியாக உள்ளே போகிறதென்று தெரியவில்லை.