வழிமொழிபவரின் கையெழுத்து

ஒக்ரோபர் 18, சனி இரவு

மோர்னிங்சைட் கோப்பிக்கடைக்கு குகன் அண்ணை என்னைக் கூப்பிட்டிருந்தார். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். அடுத்த மாதத் தேர்தலில் மறுபடி நிற்கிறார். இம்முறை உபதலைவராகத் தன்னோடு என்னை நிற்கச் சொன்னார்.

"செல்வி அக்கா?" என்று கேட்டேன். இரண்டு வருடமாக உபதலைவர் அவர்தான்.

"போன முறை அவவால வெண்டனான். இந்த முறை அவவோட நிண்டா தோப்பன். அவவும் விலகிறன் எண்டவ, தம்பி."

ஓம் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாலையில் செல்வி அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். கையில் உபதலைவருக்கான வேட்புமனு. "வழிமொழிய ஒரு கையெழுத்து வேணும், தம்பி." முன்மொழிபவரின் இடத்தில் குகன் அண்ணையின் கையெழுத்து ஏற்கனவே இருந்தது.

பேனா எடுப்பதாகச் சொல்லி உள்ளே வந்து அண்ணைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அக்கா மனுவோடு வந்து நிற்பதை எழுதி அனுப்பினேன். பிறகு மெசேஜ் வந்தது: "அவவுக்கு நீரே பக்குவமாச் சொல்லும்."

என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று அப்போது புரிந்தது. அடுத்த தேர்தலில் என்னைப் பற்றியும் இன்னொருவனிடம், விலகிறன் எண்டவன் என்பார்.

கையெழுத்துப் போட்டேன். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"உம்மையும் நிக்கச் சொல்லிக் கேட்டவரோ?"

 பதிலுக்குக் காத்திராமல் மனுவை மடித்துக்கொண்டு போனார்.

சங்கச் செயலாளர் ஒஷாவாவில் அக்காவின் தெருவிலேயே இருக்கிறார். ஒரு கையெழுத்துக்காக அக்கா அங்கிருந்து இவ்வளவு தூரம் என்னிடம் ஏன் வந்தார்?